தேங்கியதால் பிழைத்த ஊர்

ஸ்டாம்ஃபோர்டின் கல் வீடுகள் இங்கிலாந்தின் பெருமை. இதுவரை அவற்றைக் காத்தது அக்கறை அல்ல, முடக்கம். இனிக் காக்க வேண்டியது பனி.

1993இல் ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க முனைந்த பிபிசிக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது. 1830 வாக்கில் இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் இருந்த ஒரு சந்தை நகரம்தான் கதைக்களம். எலியட் மனதில் வைத்திருந்தது கவென்ட்ரி நகரம் என்பது இலக்கிய ஆய்வாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் செய்தி. ஆனால் கவென்ட்ரிக்குப் போய்ப் பயனில்லை. சைக்கிள், கார், விமான எஞ்சின் என்று தொழில் பெருகி வளர்ந்த அந்த நகரின் பழைய மையத்தை 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் எரித்துவிட்டன. மிச்சத்தை நகரத் திட்ட வல்லுநர்கள் கவனித்துக்கொண்டார்கள். கடைசியில் படப்பிடிப்புக் குழு வந்து இறங்கிய இடம், லண்டனுக்கு வடக்கே சுமார் 145 கி.மீ. தொலைவில், லிங்கன்ஷயரின் தென்கோடியில் இருக்கும் ஸ்டாம்ஃபோர்டு.

அங்கே செட் போடும் செலவே இல்லை. போக்குவரத்துப் பலகைகளை மறைத்து, தார்ச்சாலைமேல் மண்ணைக் கொட்டியதும் 1830 தயார். தொடர் 1994இல் ஒளிபரப்பாகி ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்தது. 2005இல் வெளியான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ திரைப்படத்துக்கும் இதே தெருக்கள் பயன்பட்டன.

முன்னேறிய ஊர் தன் பழைய முகத்தை இழந்தது; முன்னேறாத ஊர் அதை வைத்துக்கொண்டு இன்று பிழைக்கிறது. ஸ்டாம்ஃபோர்டைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகள் இதை நாசூக்காக விட்டுவிட்டு, ‘காலத்தால் தீண்டப்படாத நகரம்’ என்ற பாணியில் எழுதுகின்றன. காலம் தீண்டாமல் விட்டது தற்செயல் அல்ல. அதற்குக் காரணங்கள் இருந்தன. சில காரணங்களுக்குப் பெயரும் பட்டமும்கூட இருந்தன.

வெலண்ட் என்ற சிறிய ஆற்றின் கரையிலிருந்து மேடேறும் ஊர் அது. மக்கள் தொகை சுமார் 20,000. இடைக்கால மாதா கோயில்கள் ஐந்து இன்னும் நிற்கின்றன. பாதுகாப்புப் பட்டியலில் ஏறிய கட்டடங்கள் 600க்கும் மேல். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி செயின்ட் மேரீஸ் ஹில் தெருவில் ஏறினால் இருபுறமும் இரண்டு, மூன்று மாடி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். எல்லாம் கல். வெயில் பட்டால் தேன் நிறம், மழை பெய்தால் சாம்பல். தெருவிலிருந்து ஓரிரு படிகள், அதன் மேல் கதவு, கதவுக்கு இரு பக்கமும் மேலும் கீழும் நகரும் சட்டங்கள் வைத்த உயரமான ஜன்னல்கள். மேல் மாடியில் அதே ஜன்னல் கொஞ்சம் குட்டையாக, அதற்கு மேல் இன்னும் குட்டையாக. ஜன்னல் உயரத்தைப் பார்த்தே முதலாளி எந்த மாடியில் இருந்தார், வேலைக்காரப் பெண் எந்த மாடியில் படுத்தாள் என்று சொல்லிவிடலாம். 1697இல் குதிரையில் இங்கிலாந்தைச் சுற்றி வந்து பயணக் குறிப்பு எழுதிய சீலியா ஃபைன்ஸ் என்ற பெண்மணி, முழுக்கக் கல்லால் கட்டிய ஊர் என்று வியந்து எழுதியிருக்கிறார்.

அவர் வியந்ததில் நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பாலான சந்தை ஊர்கள் மரச் சட்டமும் களிமண் பூச்சும்தான். கல் வீடு கட்ட முதலில் கல் பக்கத்தில் இருக்க வேண்டும். சாலைகள் சேறாகக் கிடந்த காலத்தில் மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ கல் சுமப்பது, பல சமயம் கல்லின் விலையைவிட அதிகச் செலவு. ஸ்டாம்ஃபோர்டுக்கு அந்தக் கவலை இல்லை. சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலின் அடியில் உருவான சுண்ணாம்புக்கல் படுகையின் மேலேயே ஊர் உட்கார்ந்திருக்கிறது. கடல் நீரின் அசைவில் உருண்டு உருண்டு சுண்ணாம்பு படிந்த நுண்ணிய மணிகள் இறுகிய கல் அது. உடைத்துப் பார்த்தால் மீன் சினை போலிருக்கும். வெட்டி எடுத்த புதிதில் மென்மையாக இருக்கும். உளிக்குச் சொன்னபடி கேட்கும். காற்றுப் பட்டு ஈரம் வெளியேறியதும் கெட்டியாகிவிடும்.

சுற்றிலும் இருந்த ஒவ்வொரு கிராமமும் ஒரு தனிக் கல். பார்னக் கிராமத்தின் கல் சிப்பித் துண்டுகள் கலந்த முரட்டுக் கல். பீட்டர்பரோ, ஈலி பேராலயங்கள் அதில் கட்டியவைதான். அந்தக் குவாரியில் கல் எடுக்கும் உரிமைக்காக ராம்சி மடத்துத் துறவிகள் பீட்டர்பரோ மடத்துக்கு ஆண்டுக்கு 4,000 விலாங்கு மீன்களைக் கொடுத்துவந்தார்கள். 1500 வாக்கில் நல்ல கல் தீர்ந்துபோய், தோண்டிப்போட்ட மேடும் பள்ளமும்தான் மிஞ்சின. இப்போது அங்கே புல்லும் அபூர்வ ஆர்க்கிட் மலர்களும். அரசு அதை இயற்கைப் பாதுகாப்பிடமாக அறிவித்திருக்கிறது. ஊருக்கு மேற்கே கெட்டன் கிராமத்துக் கல் இன்னும் உயர்ந்த ஜாதி. சிப்பி இல்லாத, ஒரே சீரான மணிகள். எந்தத் திசையிலும் இழைக்கலாம். கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோஃபர் ரென் கட்டிய டிரினிட்டி கல்லூரி நூலகம் கெட்டன் கல். வடக்கே கிளிப்ஷமிலிருந்து வந்த கல், 20ஆம் நூற்றாண்டில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பயன்பட்டது. தலைநகர் ஏங்கும் கல் இந்த ஊருக்குக் கொல்லைப்புறச் சரக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு ரகசியத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கல் வீடுகளில் பல, கல் வீடுகளே அல்ல.

நினைவுச் சின்னங்களுக்கான அரசுக் கமிஷன் 1977இல் ‘தி டவுன் ஆஃப் ஸ்டாம்ஃபோர்டு’ என்ற பெரிய ஆய்வு நூலை வெளியிட்டது. கட்டடக் கலை நிபுணர்கள் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து, பரண் ஏறி, நிலவறை இறங்கி அளந்து எழுதிய கணக்கு அது. 18ஆம் நூற்றாண்டு என்று தெருவிலிருந்து தோன்றும் வீடுகள் பலவற்றில், முகப்பை விட்டு ஓர் அடி உள்ளே போனால் 15 அல்லது 16ஆம் நூற்றாண்டு ஓக் மரச் சட்டங்கள் நின்றன. சில வீடுகளின் அடியில் 13ஆம் நூற்றாண்டு வணிகர்களின் கல் நிலவறைகள். மேலே கடை, கீழே வளைவு வைத்த பண்டகசாலை. அதாவது ஒரே வீட்டில் கீழே 13, உள்ளே 16, தெருப்பக்கம் 18.

நடந்தது இதுதான். ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் லண்டன் பாணி நாகரிகம் பரவியபோது, தெருவை நோக்கிப் பிதுங்கிய மர மாடி பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிந்தது. முழுவதும் இடித்துக் கட்டப் பணம் வேண்டும். ஆகவே பலர் முகப்பை மட்டும் மாற்றினார்கள். இழைத்த சதுரக் கற்களை மெல்லிய மூட்டு வைத்து அடுக்கி, பின்னால் இருந்த பழைய சுவருக்கு ஒரு தோல் போர்த்தினார்கள். முழுதாகக் கல்லால் கட்டிய வீடுகளிலும் இதே சிக்கனம் உண்டு. தெருப் பார்வைக்கு இழைத்த கல், பக்கச் சுவருக்கும் பின் சுவருக்கும் உடைத்த கரட்டுக்கல். வீட்டுக்காரரின் வரவு செலவு தெரிய வேண்டுமானால் முன்வாசலில் நிற்கக் கூடாது, சந்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

சந்துகளும் ஒரு கதை சொல்லும். இடைக்காலத்தில் நகரத்தை நிறுவியவர்கள் தெரு முகப்பை ஒடுக்கமாகவும் பின்பக்கத்தை நீளமாகவும் வெட்டி மனைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் சந்தைத் தெருவில் ஒரு வாசல் வேண்டுமே. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்குப் பின் லாயம், பீர் காய்ச்சும் கொட்டகை, பட்டறை, கடைசியில் தோட்டம். நடுவில் ஒரு வண்டிப் பாதை. வீடுகள் எத்தனை முறை மாறினாலும் மனையின் எல்லைக் கோடு பெரும்பாலும் மாறவில்லை. இரண்டு மனைகளை வாங்கிச் சேர்த்தவர் ஐந்து ஜன்னல் அகலத்துக்கு முகப்பு எழுப்பினார். வாங்க முடியாதவர் இரண்டு ஜன்னலோடு நிறுத்திக்கொண்டார்.

ஜன்னல் என்றதும் ஒரு பழங்கதை வந்துவிடும். 1696 முதல் 1851 வரை பிரிட்டனில் ஜன்னல் வரி இருந்தது. கல் வைத்து அடைத்த ஜன்னல் ஒவ்வொன்றையும் காட்டி, வரிக்குப் பயந்து மூடியது என்பார்கள் வழிகாட்டிகள். சில அப்படித்தான். ஆனால் பல ஜன்னல்கள் பிறவியிலேயே குருடு. உள்ளே புகைபோக்கியோ படிக்கட்டோ வந்து ஜன்னல் வைக்க முடியாத இடத்தில், முகப்பின் ஒழுங்கு கெடக் கூடாது என்பதற்காக ஜன்னல் உருவத்தை மட்டும் செதுக்கி வைத்தார்கள். வெளிச்சம் வராவிட்டாலும் வரிசை தப்பக் கூடாது.

ஒரு ஜன்னல் உண்மையாகவே இடிபட்டது. இங்கிலாந்தின் மிகப் பருத்த மனிதர் என்று பெயரெடுத்த டேனியல் லாம்பர்ட் 1809 ஜூனில் குதிரைப் பந்தயத்துக்காக வந்து, ஊரின் சத்திரம் ஒன்றில் இறந்துபோனார். எடை சுமார் 335 கிலோ. சவப்பெட்டியை வெளியே கொண்டுவர ஜன்னலையும் சுவரையும் இடிக்க வேண்டியிருந்தது.

இந்த முகப்புகளுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? முதல் செல்வம் ஆட்டு ரோமம். 15ஆம் நூற்றாண்டில் வில்லியம் பிரௌன் என்ற கம்பளி வணிகர் இங்கிருந்து கலே துறைமுகத்துக்கு ரோமம் அனுப்பிச் சம்பாதித்து, ஏழை முதியவர்களுக்காக ஓர் அன்னசாலை கட்டினார். அது இன்றும் முதியோர் குடியிருக்கும் இல்லம். இத்தகைய இல்லங்களை ஸ்டாம்ஃபோர்டில் ‘காலிஸ்’ என்பார்கள். கலே என்பதன் மரூஉ. கம்பளி வியாபாரம் போனபின் ஊர் நீண்ட நாள் சோர்ந்து கிடந்தது. 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாயும், அடுத்த நூற்றாண்டில் சீரான மாபெரும் வடக்குச் சாலையும் மறுபடி தூக்கிவிட்டன. லண்டனிலிருந்து யார்க்குக்கும் எடின்பரோவுக்கும் போகும் சாலை ஊருக்கு நடுவே சென்றது. ஜார்ஜ் சத்திரத்தில் வடக்கே போகிறவர்களுக்கு ஓர் அறை, தெற்கே போகிறவர்களுக்கு ஓர் அறை. பெயரே ‘யார்க்’, ‘லண்டன்’. அதன் பெயர்ப் பலகை இப்போதும் சாலைக்குக் குறுக்கே தூக்குமரம் போல நிற்கிறது. வக்கீல், மருத்துவர், சத்திரக்காரர், குளிர்காலத்தை நகரத்தில் கழிக்க வந்த கிராமத்து நிலக்கிழார்கள், பாதிரிகள் என்று கைநிறையப் பணத்தோடு வீடு கட்டிய கூட்டம் இது. பார்ன் ஹில் தெருவில் குடியிருந்த பாதிரியார் வில்லியம் ஸ்டூக்லிதான், நியூட்டன் தோட்டத்தில் ஆப்பிள் விழுந்த கதையை அவர் வாயாலேயே கேட்டு எழுதிவைத்தவர்.

இந்தப் பணம் தொடர்ந்து வந்திருந்தால் ஸ்டாம்ஃபோர்டும் கவென்ட்ரிதான். பேரன்கள் தாத்தாவின் முகப்பை இடித்துவிட்டுச் செங்கல்லும் வார்ப்பிரும்பும் வைத்துக் கட்டியிருப்பார்கள். அது நடக்காமல் போனதற்கு ஊருக்கு வெளியே ஒரு மாளிகை காரணம்.

எலிசபெத் ராணியின் தலைமை அமைச்சராக இருந்த வில்லியம் சிசில் 1555 முதல் 1587 வரை கட்டிய பர்லி மாளிகை, நகரத்திலிருந்து நடந்து போகும் தூரம். அவருடைய மூத்த மகனின் வழிவந்த எக்ஸெட்டர் பிரபுக்களுக்கு நகரத்தில் எக்கச்சக்கமான வீடுகளும் நிலங்களும் சொந்தம். ஸ்டாம்ஃபோர்டு நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. வாக்குரிமை வீட்டோடு ஒட்டியது. வாக்கும் எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது. பிரபுவின் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் பிரபுவின் ஆளுக்கே கை தூக்குவார். இப்படிப்பட்ட தொகுதிகளைச் சட்டைப்பையில் இருக்கும் தொகுதி என்று ஆங்கிலேயர்களே கேலி செய்தார்கள்.

நகரத்துக்கு வடக்கே பரந்த வயல்கள் பழங்கால முறைப்படி துண்டு துண்டாக, பொது உரிமைகளோடு கிடந்தன. மற்ற ஊர்களில் அத்தகைய வயல்களைப் பிரித்து வேலி போட்டு விற்றார்கள். ஆலைகளும் தொழிலாளர் வீடுகளும் முளைத்தன. ஸ்டாம்ஃபோர்டில் பிரபு அதற்கு இடம் கொடுக்கவில்லை. புது வீடு வந்தால் புது வாக்காளர் வருவார். அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று யார் கண்டது? கடைசியில் வயல்களைப் பிரிக்கும் சட்டம் 1871இல் வந்தது, பிரித்து முடித்தது 1875இல். இடையில் 1872இல் ரகசிய வாக்கெடுப்பு முறை அமலுக்கு வந்துவிட்டது. வாக்கைக் காவல் காப்பதில் இனிப் பயனில்லை. அதற்குள் தொழிற்புரட்சி ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது.

இந்தச் சட்டைப்பையிலிருந்து வந்த ஓர் உறுப்பினரை இந்தியா மறக்கக் கூடாது. சிசில் குடும்பத்தின் இளைய கிளையைச் சேர்ந்த ராபர்ட் சிசில் 1853இல் போட்டியின்றி ஸ்டாம்ஃபோர்டின் உறுப்பினரானார். கிரான்போர்ன் பிரபு என்ற பட்டத்தோடு 1866 ஜூலையில் இந்தியா மந்திரி பொறுப்பேற்றார். அது ஒரிசாப் பஞ்சத்தின் ஆண்டு. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஆபத்தின் அளவை உணராமல் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டதாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பிறகு சாலிஸ்பரி பிரபுவாகி மூன்று முறை பிரதமரும் ஆனார். சில நூறு கல் வீடுகளின் வாடகைக்காரர்கள் கொடுத்த இடத்திலிருந்து தொடங்கிய வாழ்க்கை அது.

ரயிலும் இந்தக் கதையில் உண்டு. லண்டனிலிருந்து வடக்கே போகும் முக்கிய இருப்புப்பாதை 1852இல் பீட்டர்பரோ வழியாகத் திறந்தது. பிரபுதான் தடுத்துவிட்டார் என்பது ஊர் வழக்கு. வரலாற்றாசிரியர்கள் அதை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் கம்பெனிகளின் கணக்குக்கும் அதில் பங்கு உண்டு. ரயில் அறவே வரவில்லை என்பதும் இல்லை. 1840களிலேயே கிளைப்பாதை ஒன்று வந்து, பழைய மாளிகை பாணியில் அழகான கல் நிலையமும் கட்டப்பட்டது. ஆனால் கிளைப்பாதை கிளைப்பாதைதான். பீட்டர்பரோ செங்கல் நகரமாக வீங்கியது. குதிரை வண்டிகள் நின்றுபோன ஸ்டாம்ஃபோர்டில் சத்திரங்கள் காலியாயின. ஊரோரத்தில் விவசாய இயந்திரங்களும் டீசல் எஞ்சின்களும் செய்த ஒரு தொழிற்சாலையைத் தவிரச் சொல்லும்படி எதுவும் வரவில்லை. இடிக்கவும் பணமில்லை, கட்டவும் பணமில்லை. வீடுகள் நின்றன.

20ஆம் நூற்றாண்டில் ஆபத்து லாரி உருவத்தில் வந்தது. எடின்பரோ போகும் சரக்கெல்லாம் செயின்ட் மேரீஸ் ஹில்லின் குறுகல் திருப்பத்தில் உரசிக்கொண்டு போயிற்று. 1960இல் புறவழிச்சாலை திறந்து அந்தத் தொல்லையும் விலகியது. மறுபடியும் ஊர் ஒதுங்கியது, மறுபடியும் பிழைத்தது. பிரிட்டனில் பழைய நகர மையங்களை இடித்து கார் நிறுத்துமிடமும் கான்கிரீட் அங்காடியும் கட்டும் வெறி உச்சத்தில் இருந்த காலம். அதற்குப் பதிலாக டங்கன் சாண்டிஸ் என்ற எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா 1967இல் சட்டமாயிற்று. அதுவரை தனித்தனிக் கட்டடங்களுக்குத்தான் பாதுகாப்பு. இனி ஒரு தெருவையோ ஊர்ப்பகுதியையோ மொத்தமாகப் பாதுகாக்கலாம். அதே ஆண்டில் நாட்டிலேயே முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது ஸ்டாம்ஃபோர்டு. இப்போது இங்கிலாந்தில் சுமார் 10,000 பகுதிகள் அப்படி உண்டு.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் சட்டம் இடிக்காதே என்று மட்டும்தான் சொல்ல முடியும். கல் தானாக நிற்காது.

சுண்ணாம்புக்கல் மூச்சு விடும். மழை ஈரத்தைக் குடித்து, வெயிலில் மூட்டுகள் வழியாக வெளியே விடும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் கல்லைவிட மென்மையான சுண்ணாம்புக் காரையை வைத்தார்கள். தேய்வது காரையாக இருக்கட்டும், காரையை மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு. 20ஆம் நூற்றாண்டில் மலிவும் வேகமும் கருதி மூட்டுகளில் சிமெண்டைத் திணித்தார்கள். ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கியது. குளிரில் உறைந்து விரிந்தது. கல்லின் முகம் செதில் செதிலாக உதிர, சிமெண்ட் மட்டும் கூடு போல நீட்டிக்கொண்டு நிற்கும் சுவர்களை இன்றும் பார்க்கலாம். இதில் ஒரு குரூரமான வேடிக்கையும் இருக்கிறது. கேம்பிரிட்ஜுக்கே கல் கொடுத்த கெட்டன் கிராமத்தில் 1920களின் கடைசியில் எழுந்தது ஒரு பெரிய சிமெண்ட் ஆலை. மூலப்பொருள் அதே சுண்ணாம்புக்கல்.

இப்போது நிபுணர்கள் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைக்கச் சொல்கிறார்கள். அதற்கு ஆள் கிடைப்பது கடினம், கிடைத்தால் கூலி அதிகம். அதன் மேல் அரசாங்கம் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி போடுகிறது. வயல்வெளியில் புது வீடு கட்டினால் இந்த வரி பூஜ்யம். முன்னூறு வருட வீட்டை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் முழு வரி. பட்டியலில் உள்ள வீடுகளில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு மட்டும் இருந்த விலக்கையும் 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அனுமதியில்லாமல் ஒரு பழைய ஜன்னலைக் கழற்றி எறிந்தால் அது கிரிமினல் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. ஒரு கையால் காப்பாற்று என்று ஆணையிட்டு, மறு கையால் காப்பாற்றுபவரின் பையில் கைவிடும் கொள்கைக்கு எந்த நாட்டு நிதியமைச்சகமும் விதிவிலக்கில்லை போலும். 2013இல் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை பிரிட்டனில் வாழ்வதற்கு மிகச் சிறந்த இடமாக ஸ்டாம்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்தது. வெளியூர்ப் பணம் வந்தது, வீட்டு விலை ஏறியது. முகப்புகள் முன்னைவிடப் பளிச்சென்றிருக்கின்றன. அந்த வீடுகளை வாங்க முடியாத உள்ளூர் இளைஞர்கள் வேறு இடம் தேடுகிறார்கள்.

சுவரையாவது சரிசெய்யலாம். பெரிய கவலை தலைக்கு மேலே இருக்கிறது.

ஸ்டாம்ஃபோர்டின் கூரைகளும் கல். சுமார் 5 கி.மீ. தொலைவில் இருக்கும் காலிவெஸ்டன் கிராமத்தின் அடியில், மணல் கலந்த சுண்ணாம்புக்கல் படுகை ஒன்று மெல்லிய அடுக்குகளாகப் படிந்து கிடக்கிறது. பல நூற்றாண்டுகளாக அதைக் கூரைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் ஒருக்களித்துப் படுத்தபடி, கல் படுகைக்குக் கீழே உள்ள மணலை நீண்ட கோடரியால் குடைவார்கள். இடையிடையே சின்னக் கற்களை முட்டுக் கொடுத்து, போதிய அளவு குடைந்ததும் முட்டுகளைத் தட்டிவிட்டால் மேலிருந்த படுகை பாளமாகக் கீழே இறங்கும். தப்பித்து வெளியே வரத் தெரிந்தவனே தொழிலாளி.

பாளத்தை அடுக்கடுக்காகப் பிளக்க வேண்டும். அதை உளி செய்யாது. பனிதான் செய்யும். குளிர்காலத் தொடக்கத்தில் பாளங்களை வயலில் பரப்பி, இரவுதோறும் தண்ணீர் ஊற்றுவார்கள். அடுக்குகளுக்கு இடையே புகுந்த நீர் உறையும்போது விரியும், காலையில் இளகும், மறு இரவு மறுபடி உறையும். இப்படிப் பல கடுங்குளிர் இரவுகள் கழிந்த பிறகு சுத்தியலால் விளிம்பில் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். கல் இடையில் காய்ந்துவிடக் கூடாது. சுரங்கத்து ஈரம் ஒருமுறை வெளியேறிவிட்டால் அதற்கப்புறம் எந்தப் பனியும் அதைப் பிளக்காது. குளிர் வரத் தாமதமானால் பாளங்களை மூடி, ஈரம் போகாமல் காத்திருப்பார்கள். குளிரே வராவிட்டால் அந்த ஆண்டுக்குக் கூரை கிடையாது.

பிளந்த ஏடுகளைச் செதுக்கித் துளையிட்டு, மர ஆணி தொங்கவிட்டு வரிச்சுகளில் மாட்டுவார்கள். பெரிய ஏடு இறவாணத்தில்; மேலே போகப் போகச் சிறியது; முகட்டில் கையகலம். கனமான ஏடுகளின் பாரம் சுவர் மேலேயே இறங்குவதற்காக இந்த ஏற்பாடு. தெருவிலிருந்து பார்த்தால் கூரை நிஜத்தைவிட உயரமாகத் தெரிவது உபரி லாபம்.

கான்கிரீட் ஓடு மலிவானதாலும், கடுங்குளிர் இரவுகள் குறைந்ததாலும் 1960களோடு காலிவெஸ்டன் சுரங்கத் தொழில் நின்றது. அதன் பின் ஒரு கூரை ஒழுகினால், இடியும் பண்ணைக் கொட்டகை ஒன்றைத் தேடிப்பிடித்து அதன் ஏடுகளை வாங்கி மாட்டுவார்கள். ஒரு கட்டடத்தை உரித்து இன்னொன்றுக்குப் போர்த்துவது எத்தனை காலம் ஓடும்? உடையும் ஏடுகள் அதிகம், வரத்து குறைவு. பாதுகாப்புச் சட்டம் அதே கல்தான் வேண்டும் என்கிறது. அந்தக் கல்லைப் பூமி கொடுத்தாலும் வானம் கொடுக்கவில்லை. புவி வெப்பம் உயரும் கதையைத் துருவப் பனியில் தேட வேண்டியதில்லை, இங்கே தேவைப்பட்டது வெறும் சில வார உறைபனி.

2010களில் பக்கத்து ஆபிதார்ப் மாளிகையின் கூரையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தபோது ‘இங்கிலிஷ் ஹெரிடேஜ்’ அமைப்பு ஒரு சோதனைக்குப் பணம் ஒதுக்கியது. ஈரம் காயாத பாளங்களைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து, மாற்றி மாற்றி உறையவிட்டு இளகவிட்டுப் பார்த்தார்கள். பிளந்தது. அதை நம்பி உள்ளூர்க் கூரைத் தொழிலாளர்கள் மூடிக்கிடந்த சுரங்கத்தை மறுபடி திறந்தார்கள்.

இப்போது அங்கே குளிர்காலத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. வயலில் மழை தூறிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் உறைபனி. சில வாரங்களில் பாளம் வெளியே வருகிறது. அதற்கு மேல் இயந்திரத்துக்கு வேலை இல்லை. கல்லின் விளிம்பில் எந்த இடத்தில் தட்டினால் பிரியும் என்பதைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். பிரித்த ஏடுகளை அளவுவாரியாக அடுக்குகிறார்கள், இறவாணத்துக்குப் பெரியது, முகட்டுக்குச் சிறியது என்று.